கீரைச் சட்டியில் மீன் வாசம்

பிப்ரவரி 11, ஞாயிறு

கணவாய் சேர்ப்பதில்லை என்று இன்று முடிவெடுத்தேன்.

அவசரத்தில் எடுத்த முடிவல்ல. காலைக் காப்பியோடு தொடங்கிய யோசனை, பூசைக்குப் போய் வந்து, பகல் தூக்கத்தையும் தாண்டி நீடித்தது. கல்லூரியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கண்டங்களைக் கூறுபோட்ட உடன்படிக்கைகள் பல இதைவிடக் குறைந்த ஆலோசனையில் கையெழுத்தாகியிருக்கின்றன. கணவாய் மீன் ஓவனில் ரப்பராகிவிடும். சீலா மீனும் றாலும் போதும். மேலே வெள்ளை சாஸ், அதன் மேல் சீஸ், அதற்கும் மேல் ரஸ்க் தூள்.

இதற்கெல்லாம் காரணம் மகள் ஜெனிட்டா. உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்கு மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளையோடு வருகிறாள். போன கிறிஸ்துமஸுக்கு அவள் அனுப்பிய ஓவனுக்குள் அவள் அம்மா இட்லிப் பானையைப் பத்திரப்படுத்தியிருப்பதை வீடியோவில் பார்த்துவிட்டாள்.

"அப்பா, நீங்களாவது அதுல ஏதாவது செய்ங்க. மீனு, றாலு எல்லாம் போட்டு மேல சீஸ் உருகி வருமே, அந்த கேசரோல். நாங்க வரும்போது உங்க கையால சாப்பிடணும்."

என் மனைவி மெற்றில்டா பக்கத்தில் நின்று கேட்டாள். "கேசரோலா? சப்பாத்தி வைக்கிற டப்பாவுல என்னத்த செய்யச் சொல்லுதா?" நான் விளக்கினேன். அவள் பாதியில் போய்விட்டாள்.

இன்னொரு செய்தி, அவ்வளவு முக்கியமில்லை. எங்கள் பங்குக் கோயிலின் மாத இதழில் நான் எழுதிய கட்டுரையைப் பங்குச்சாமி இன்று பிரசங்கத்தில் வாசித்தார். 'கறியை விட்டுவிட்டு மீனைத் தின்பதுதான் நோன்பு என்றால் தூத்துக்குடியில் ஆண்டு முழுவதும் தவக்காலம்தான்' என்ற வரிக்குக் கோயிலில் சிரிப்பு எழுந்தது. அத்துடன் நின்றிருக்கலாம். மாலையில் எங்கள் தெரு அன்பியம் கூடியது. அன்பியம் என்பது தெருவிலுள்ள கத்தோலிக்க வீடுகள் மாதம் ஒருமுறை கூடிச் செபிப்பது, பிறகு வடை. அதன் தலைவி கிளாடிஸ் டீச்சர் வடைக்கு முன்பாகவே எழுந்து, "சார் எழுதுனது நம்ம மனச்சாட்சிய தொட்டுட்டு. இந்தத் தவக்காலம் முழுக்க நம்ம தெருவுல மீனே கிடையாது" என்றார். கை தட்டினார்கள்.

நான் பல ஆண்டுகளாக எழுதுகிறேன். இதுவரை யாரும் சொன்னபடி செய்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் எழுதினேன்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பியபோது மீன்காரி அமலோற்பவம் வாசலில் சட்டியை இறக்கியிருந்தாள். எங்கள் தெருதான் அவளுக்குக் கடை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இங்கேதான் விற்கிறாள். அவள் கணவன் சூசை கடலுக்குப் போவதில்லை. போகாததற்கான காரணம் மட்டும் ஆண்டுதோறும் மாறும்.

மெற்றில்டா விஷயத்தைச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையா யக்கா?"

"எல்லாக் கிழமையும். உயிர்ப்பு வரைக்கும்."

"எல்லா வீட்டுலயுமா?" அமலோற்பவம் தெருவை ஒருமுறை பார்த்தாள். "எந்தப் புண்ணியவான் சொன்னது?"

மெற்றில்டா என்னைப் பார்க்கவில்லை. நான் சாம்பல் கண்ணில் விழுந்துவிட்டது போல உள்ளே போனேன்.

பிப்ரவரி 19, திங்கள்

அமலோற்பவம் கீரை விற்கிறாள். சட்டி பழைய சட்டிதான். புளி போட்டுத் தேய்த்தாளாம், சாம்பல் போட்டுத் தேய்த்தாளாம். ஆனாலும் அரைக்கீரையில் அயலை மீன் வாசம் அடிக்கிறது என்று யாரும் வாங்கவில்லை. மெற்றில்டா மட்டும் தினம் இரண்டு கட்டு வாங்குகிறாள். மதியம் கீரை. இரவும் கீரை.

விற்காத கட்டுகளோடு மாலையில் எங்கள் வீட்டை ஒட்டிய முடுக்குச் சந்தின் முனையில் உட்கார்ந்துகொள்கிறாள். அது எங்கள் அடுக்களை சன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. இந்த விவரத்தை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஒத்திகை பார்க்காமல் மாப்பிள்ளைக்கு முன்னால் ஒரு பதார்த்தத்தை வைப்பது பொறுப்பின்மை என்று மெற்றில்டாவிடம் எடுத்துரைத்தேன்.

"உருளைக்கிழங்குல செஞ்சு பாருங்க."

உருளைக்கிழங்கில் செய்து பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் உருளைக்கிழங்கு றாலைப் போல் தண்ணீர் விடுவதில்லை. ஆய்வு முறைப்படி பார்த்தால் இது எதையும் நிரூபிக்கவில்லை.

மார்ச் 1, வெள்ளி

மாலை சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போக முடியவில்லை. முழங்கால் வலி.

தெருவே கோயிலுக்குப் போனபின் அமைதியாக இருந்தது. காலையில் பைபாஸ் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். அங்குள்ள பெரிய கடையில், என்னை யாருக்கும் தெரியாத இடத்தில், தோலுரித்து உறையவைத்த றாலும் முள்ளெடுத்த மீன் துண்டும் வாங்கி, பேப்பர் சுற்றி, ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்கு அடியில் வைத்திருந்தேன்.

வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிண்டினேன். கட்டி தட்டவில்லை. மிளகு, கொஞ்சம் ஜாதிக்காய். றாலை உறைந்த நிலையிலேயே கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பியது தவறு. ஓவனுக்குள் அது தண்ணீர் விட்டு, சாஸ் திரிந்து, விளிம்பைத் தாண்டிப் பொங்கி, கீழே கம்பியில் சொட்டிக் கருகியது. சன்னலைத் திறந்துவிட்டேன்.

வெளியே எடுத்தபின் ருசி பார்த்தேன். ருசி பார்ப்பது உண்பதாகாது. ஒரு மூலையில் பார்த்தால் முழுவதும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா? நான்கு மூலையிலும் பார்த்தேன். நடுவிலும் பார்த்தேன். ஆய்வு முடிந்தபோது பாத்திரம் காலியாக இருந்தது. சுவை சுமார்.

பாத்திரத்தை ஊறவைத்துக்கொண்டிருந்தபோதுதான் சன்னலுக்குக் கீழே குரல்கள் கேட்டன. கோயிலிலிருந்து திரும்பியவர்கள் முடுக்கின் முனையில் நின்றுவிட்டார்கள்.

"றால் வாசம்," என்றது ஒரு குரல்.

"சீலாவும் இருக்கு."

எங்கள் ஊரில் பிறந்தவர்களிடம் இதையெல்லாம் மறைக்க முடியாது. நான் விளக்கை அணைத்தேன்.

"ஏ அமலி," கிளாடிஸ் டீச்சரின் குரல். "கீரைக்கு அடியில என்னத்த வச்சிருக்க?"

"என்னத்த வச்சிருக்கேன்? கீரைக்கு அடியில கீரைதான் இருக்கு."

"பிள்ள, நாங்க பட்டினி கிடந்து செபம் பண்ணிட்டு வாரோம். நீ தெருவுல உக்காந்து ரகசியமா மீன் விக்க. யாருக்குக் குடுத்த? சொல்லிரு."

"டீச்சரம்மா, வாய அளந்து பேசுங்க. மீன் வித்தா மீனுன்னு கூவி வித்துட்டுப் போறேன். எனக்கென்ன பயம்?"

"அப்ப வாசம் எங்கேருந்து வருது, வானத்துலேருந்தா?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முழங்கால் வலித்தது, நொண்டினேன். எல்லோரும் வழிவிட்டார்கள். மெற்றில்டாவும் கூட்டத்தில் நின்றாள், கையில் செபமாலையோடு.

"சார், நீங்களே கேளுங்க," என்றார் டீச்சர். "உங்களுக்கு வாசம் வரலியா?"

"சளி," என்றேன்.

அமலோற்பவத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்பப் பாத்துருவோம். சட்டிய கவுக்கேன். ஒரு செதில் இருந்தா என்ன செருப்பால அடிங்க." அவள் குனிந்து சட்டியின் இரு காதுகளையும் பிடித்தாள்.

நான் முன்னால் போய் அவள் கையைத் தடுத்தேன்.

"வேண்டாம் அமலி. நீ யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை."

ஒரு ஏழைப் பெண்ணின் சட்டியைச் சோதனையிடுவதா நமது நோன்பு என்று கேட்டேன். அப்படியே யாராவது பலவீனத்தில் தவறியிருந்தாலும் மன்னிப்பதுதான் தவக்காலத்தின் பொருள் என்றேன். தயாரிப்பின்றிப் பேசிய பேச்சு. வாக்கியங்கள் நன்றாக அமைந்தன. இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டீச்சர், "சார் சொல்லுதாங்கன்னு விடுதேன்" என்று நடந்தார். கூட்டம் கலைந்தது.

அமலோற்பவம் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"இந்தத் தெருவுல நீங்க ஒருத்தராவது எனக்காவ பேசுனியளே சார்," என்றாள். "நல்லா இருக்கணும்."

அந்தச் சட்டியை அவள் கவிழ்த்திருந்தால் கீரைதான் விழுந்திருக்கும். அதன் பிறகு டீச்சர் தலையை நிமிர்த்திச் சன்னலைப் பார்த்திருப்பார்.

நான் ஏன் தடுத்தேன் என்பதைப் பற்றி எழுத நினைத்தேன். இந்த நாட்குறிப்பில் ஒரு தேதிக்கு ஒரு பக்கம்தான். இடம் போதாது.

மார்ச் 2, சனி

அமலோற்பவம் வரவில்லை.

மார்ச் 4, திங்கள்

வரவில்லை. கீரை இல்லாததால் மெற்றில்டா ரசமும் அப்பளமும் வைத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்தே அவள் சொல்லாமல் இருப்பதில் ஒரு வேறுபாடு தெரிகிறது.

மார்ச் 6, புதன்

கண்ணாடிப் பாத்திரம் கவிழ்த்த நிலையில் மேடையில் காய்ந்துகொண்டிருந்தது. விளிம்பில் கருகியிருந்த சீஸ் இல்லை. சுத்தமாகத் தேய்த்திருந்தாள். ஓவனின் அடிக்கம்பியும் பளபளத்தது.

"நீயா தேய்ச்ச?"

"பின்ன அமலி வந்து தேய்ப்பாளா?"

நான் நாளிதழை எடுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள். கோபமாகப் பிடுங்கியிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருக்கலாம். மெதுவாகத்தான் வாங்கினாள்.

"ஏங்க, தின்னுட்டிய. சரி. ஆசை. எல்லாருக்கும் இருக்கும். அவ சட்டிய ஏன் புடிச்சிய?"

"அவள் மானத்தைக் காப்பாற்ற."

"அப்பிடியா," என்றாள் மெற்றில்டா.

நான் கல்லூரியில் வேலை பார்த்த காலமெல்லாம் மாணவர்களிடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறேன். என்னிடம் யாரும் பயன்படுத்தியதில்லை.

மார்ச் 12, செவ்வாய்

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எங்கள் பங்கில் அல்ல. மணப்பாட்டுச் சாலையில் ஒரு சிறு கோயில் இருக்கிறது. அங்கே முதியவரான ஒரு சாமியார். காது மந்தம் என்று முன்பே விசாரித்திருந்தேன். அது எனக்கு வசதி என்று கணக்குப் போட்டது தவறு.

"என்ன தின்னீங்க?"

"றால், சாமி."

"சத்தமா சொல்லுங்க."

"றால்!"

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் செபிப்பதை நிறுத்திக் கேட்டார்கள். சாமியார் ஆழ்ந்து யோசித்தார். "மீன் தின்னுறது பாவம் இல்லயே. திருச்சபையில அப்பிடிச் சட்டமே இல்ல." எங்கள் அன்பியத்தின் சட்டத்தைச் சத்தமாக விளக்கினேன். "யார் இந்தக் கிறுக்குத்தனத்தை ஆரம்பிச்சது?" என்று கேட்டார். மூன்று அருள் நிறை மரியே செபம் சொல்லச் சொல்லி அனுப்பினார்.

லேசான மனதோடு வீடு திரும்பினேன். மெற்றில்டா கதவைத் திறந்தாள்.

"றாலச் சொன்னிய. சட்டியச் சொன்னியளா?"

அவளிடம் நான் எங்கே போகிறேன் என்று சொல்லியிருக்கவே இல்லை.

மார்ச் 16, சனி

பங்கு இதழுக்கு அடுத்த கட்டுரை எழுதினேன். தலைப்பு: 'மனித பலவீனம்'. உவமைகள் நன்றாக வந்திருக்கின்றன. எந்த மனிதர், எந்தப் பலவீனம் என்று குறிப்பிடவில்லை. பொதுவாக எழுதினால்தான் பலருக்கும் பயன்படும்.

பங்குச்சாமி போனில் பாராட்டினார். "அந்த மீன்காரம்மாவ நெனச்சுத்தான் எழுதியிருக்கீங்க, இல்லையா? பேர் சொல்லாம எழுதுன பண்பு இருக்கே, சார்."

நன்றி சொன்னேன்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

மந்திரித்த குருத்தோலையில் சிறு சிலுவை முடைந்து எடுத்துக்கொண்டு அமலோற்பவம் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அங்கே போய்ச் சேரும்வரை முடிவு அப்படியே இருந்தது.

சூசை வாசலில் படுத்திருந்தான். இந்த ஆண்டுக் காரணம் இடுப்பு. அமலோற்பவம் ஸ்டூலை முந்தானையால் துடைத்து எனக்குப் போட்டாள்.

"தெரு தெருவாப் போய்ப் பாத்துட்டேன் சார். எங்க போனாலும் எனக்கு முன்னாடி அந்தப் பேச்சு போய் நிக்குது. கீரைக்குள்ள மீன் வச்சு வித்தவன்னு. வேற தெருவுல ஏற்கெனவே ஆளுங்க இருக்காவ. எனக்கு உங்க தெருதான்."

"உயிர்ப்புக்குப் பிறகு வந்துவிடேன்."

"டீச்சரம்மா விடணுமே. இல்லன்னா இவளுக்குக் கம்பெனிதான்," என்று சூசை படுத்தபடியே சொன்னான். "ஐஸுக்குள்ள நின்னு மீன் தரம் பிரிக்கணும். போன தடவ போயி விரலு வீங்கிப் போய் வந்தா."

"நீரு சும்மா கெடயும்," என்றாள் அவள். பிறகு என்னிடம்: "சார், நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாவ. அன்னைக்கே உங்க சொல்லுக்குத்தான கட்டுப்பட்டாவ. அமலி அப்பிடிப்பட்டவ இல்லன்னு ஒரு வார்த்த. போதும்."

இதுதான் சமயம். வாயைத் திறந்தேன்.

"சொல்கிறேன். உயிர்ப்பு ஞாயிறு எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். அங்கே சொல்கிறேன்."

அவள் கும்பிட்டாள். ஜெனிட்டா வருவது மெற்றில்டா மூலம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "பாப்பாவுக்கு நல்ல சீலாவும் றாலும் நான் கொண்டாந்து தாரேன். கடையில வாங்கிராதீங்க," என்றாள்.

சிலுவையைக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும்போது முழங்கால் உண்மையிலேயே வலித்தது.

மார்ச் 29, பெரிய வெள்ளி

ஒரு சந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. பேச ஒன்றுமில்லை.

மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

முதலில் சமையல். நேற்று மாலை அமலோற்பவம் பின்வாசலில் வந்து மீனைக் கொடுத்துவிட்டு, உட்காராமல் போய்விட்டாள். இம்முறை றாலைத் துணியில் ஒற்றி ஈரமெடுத்து, வெண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, விட்ட தண்ணீரை வடித்த பிறகுதான் பரப்பினேன். சீலாவைப் பெரிய துண்டுகளாக இட்டேன். சாஸ் கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் பதத்தில் இருந்தது. பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பவில்லை. மேலே பொன்னிறம் படர்ந்ததும் எடுத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டேன். வெட்டியபோது துண்டு கலையாமல் நின்றது.

ஜெனிட்டா படமெடுத்தாள். மாப்பிள்ளை இரண்டாம் முறை வாங்கினார். பங்குச்சாமி, கிளாடிஸ் டீச்சர், அன்பியத்தில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். தவக்காலம் முழுவதும் காத்திருந்த வாய்கள்.

"மீனு என்ன ருசி!" என்றார் டீச்சர். "எங்க வாங்குனிய?"

"அமலி குடுத்தது," என்றாள் மெற்றில்டா. என்னைப் பார்த்தபடி சொன்னாள்.

டீச்சர் கரண்டியை நிறுத்தினார். முகம் கனிந்தது. "பாத்தியளா. மனசு மாறிட்டா. செஞ்ச தப்புக்குப் பரிகாரமாக் குடுத்திருக்கா."

நான் எழுந்து நின்றேன்.

"அமலி எந்தத் தப்பும் செய்யவில்லை. அன்று வந்தது என் வீட்டு வாசம். நீங்கள் சிலுவைப்பாதையில் இருந்தபோது இதே கேசரோலைச் செய்து நான்தான் தின்றேன்."

சொல்லிவிட்டேன். பிறகு யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையாக இருக்கலாம். சிரிப்பு மேசையைச் சுற்றி வந்தது.

"மாமா செம," என்றார் மாப்பிள்ளை.

"சாருக்கு எப்பவுமே இந்தக் குசும்பு," என்றது ஒரு குரல்.

"சிரிக்காதீங்க," என்றார் டீச்சர். அவர் கண்ணில் நீர். "அன்னைக்கும் அவளுக்காகப் பேசுனாங்க. இன்னைக்கு அவ பழியத் தன் தலையில தூக்கி வச்சுக்கிட்டாங்க. இந்த நல்ல நாளும் அதுவுமா!"

"இல்லை, உண்மையாகவே," என்றேன்.

பங்குச்சாமி என் தோளில் கை வைத்து அழுத்தினார். "உக்காருங்க சார். எங்களுக்குப் புரியுது."

நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். அத்தனை முகத்திலும் மரியாதை இருந்தது. மெற்றில்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொல்லியிருக்கலாம். ஓவனின் அடிக்கம்பியைப் பற்றி, பைபாஸ் கடையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மெற்றில்டாவைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கலாம்.

உட்கார்ந்தேன்.

"அப்போ அமலி தெருவுக்கு வரலாம்தானே, டீச்சர்?" என்று மட்டும் கேட்டேன். என் குரல் கெஞ்சுவது போல இருந்தது.

"மன்னிச்சாச்சு சார், நீங்க சொல்லிட்டிய. ஆனா தெருவுக்குள்ள இப்போதைக்கு வேண்டாமே. பிள்ளைங்க பேசுதுக. கொஞ்ச நாள் போவட்டும்." தட்டை நீட்டினார். "இன்னும் ஒரு துண்டு வைங்க."

வைத்தேன்.

மெற்றில்டா எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஜெனிட்டா மட்டும் என் பக்கத்தில் வந்து, மெல்லக் கேட்டாள்.

"அப்பா, நிஜமாவா?"

"பாயசம் சாப்பிட்டாயா?" என்றேன்.

ஏப்ரல் 8, திங்கள்

அமலோற்பவம் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். எங்கள் தெருவுக்கு இப்போது மீன் வருவதில்லை. மெற்றில்டா முட்டைக் குழம்பு வைத்தாள்.